ராணி மங்கம்மாளின் மரணம்

ராணி மங்கம்மாளின் மரணம் என்பது, மதுரை நாயக்க அரசை 1689 முதல் 1706 வரை தன் பேரனுக்காக ஆண்ட மங்கம்மாள், ஆட்சி கைமாறிய காலத்தில் ஐயத்திற்குரிய முறையில் இறந்த நிகழ்வைக் குறிக்கும். அவர் பேரனின் ஆட்களால் சிறைவைக்கப்பட்டு, பட்டினியால் உயிர்நீத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தியாகும்.

பின்னணி

மங்கம்மாள், தளபதி துபாக்கி லிங்கம நாயக்கரின் மகள். மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. சொக்கநாதர் 1682 இல் இறந்தபின் அரசேற்ற மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர், 1689 இல் பெரியம்மை நோயால் மாண்டார். அப்போது கருவுற்றிருந்த அவர் மனைவி சின்ன முத்தம்மாள் உடன்கட்டை ஏற விரும்பியதாகவும், மங்கம்மாள் தடுத்ததாகவும் கூறப்படுகின்றது. மகப்பேற்றுக்குப் பின் அவர் பன்னீரை மிகுதியாகப் பருகி உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது மரபுச் செய்தி. அக்குழந்தையே விஜயரங்க சொக்கநாதர். கைக்குழந்தையான பேரனுக்கு முடிசூட்டிய மங்கம்மாள், திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு காப்பாட்சியராக ஆண்டார். முகலாயருக்குத் திறை செலுத்திப் படையெடுப்பைத் தவிர்த்தார்; சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார்.

மரணம் பற்றிய செய்தி

பேரன் உரிய வயதை அடைந்த பின்னும் மங்கம்மாள் ஆட்சியை ஒப்படைக்கத் தயங்கினார் என்றும், அமைச்சர் அச்சையாவுடன் அவரை இணைத்து அவதூறு எழுந்தது என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. விஜயரங்கரை ஆதரித்தோர் அவரை அரண்மனையிலேயே சிறையிட்டனர். கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டாதபடியும் உணவை வைத்து வதைத்தனர் என்பது கதை. இச்செய்தி, ஜே. எச். நெல்சன் 1868 இல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்று நூலில் இடம்பெற்றுள்ளது.

நம்பகத்தன்மை

நெல்சனின் நூல், நிகழ்வுக்கு ஏறத்தாழ 160 ஆண்டுகள் பிற்பட்டது. அக்காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பெரும்பாலும் கொடைகளைப் பதிவு செய்வன. அரண்மனைப் பூசல்களைக் கூறுவன அல்ல. எனவே அவற்றின் மௌனத்தைக் கொண்டு பட்டினிக் கொலையை மறுக்கவோ உறுதிசெய்யவோ இயலாது. ஆயினும் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். 1706 அளவில் ஆட்சி பேரனிடம் சென்றது வரலாறு. அவதூறும் எட்டாத உணவும் வாய்மொழி மரபு. கைம்பெண் ஒருவர் நெடுங்காலம் ஆண்டதால் அவரது ஒழுக்கத்தின் மீது பழி எழுந்திருக்கலாம். அப்பழியே அவரை அகற்றுவதற்குக் காரணமாகவும் காட்டப்பட்டிருக்கலாம்.

பிற்காலம்

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டு, ஆண் வாரிசின்றி இறந்தார். அடுத்து ஆண்ட அவர் மனைவி மீனாட்சி, சந்தா சாகிப்பால் வஞ்சிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளியில் சிறைப்பட்டு, நஞ்சுண்டு இறந்ததாகக் கூறப்படுகின்றது. அவருடன் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தின் விதான ஓவியத்தில் மங்கம்மாளும் விஜயரங்கரும் ஒருங்கே காட்சியளிக்கின்றனர். மதுரையில் மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. மங்கம்மாள் வாழ்ந்ததாகக் கருதப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கி வருகின்றது. இவரது வாழ்வை நா. பார்த்தசாரதி ‘ராணி மங்கம்மாள்’ என்னும் புதினமாக எழுதியுள்ளார்.