வட்டவில் நகர்வுப் பிழைகள் (சி.என்.சி. ரவுட்டர்)

வட்டவில் நகர்வுப் பிழை என்பது, சி.என்.சி. ரவுட்டர் எனப்படும் கணினிவழி எண்கட்டுப்பாட்டு வெட்டுப்பொறியில், வளைவாகச் செல்லவேண்டிய வெட்டுக்கருவி தவறான மையத்தையோ ஆரத்தையோ திசையையோ கொண்டு நகர்வதைக் குறிக்கும். சிறு வளைவு வரவேண்டிய இடத்தில் பலகையைக் குறுக்காகக் கடக்கும் பெருவட்டம் வெட்டப்படுவது இதன் நன்கு அறியப்பட்ட அறிகுறி ஆகும். இதனால் பலகை வீணாவதோடு, பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் கருவி மோதி உடைந்து சிதறவும் கூடும். பெரும்பாலும் வரைபடத்தில் பிழை இருப்பதில்லை. நிரலை எழுதிய மென்பொருளும் அதைப் படிக்கும் கட்டுப்படுத்தியும் ஒரே வரியை வெவ்வேறாகப் பொருள்கொள்வதே காரணமாகும்.

கட்டளையின் அமைப்பு

இத்தகைய பொறிகள் ஜி-கோடு எனும் கட்டளை மொழியில் இயங்குகின்றன. இதற்கு ஆர்.எஸ்.-274-டி (1980), ஐ.எஸ்.ஓ. 6983 ஆகிய சீர்தரங்கள் உள்ளன. எனினும் ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் தனக்கென ஒரு வழக்கைக் கொண்டுள்ளது. ஜி02 வலஞ்சுழி வில்லையும் ஜி03 இடஞ்சுழி வில்லையும் குறிக்கும். (நிரலில் இவை உரோம எழுத்துகளில் அமையும், இங்கு அவற்றின் ஒலிப்பு தரப்பட்டுள்ளது.)

வில்லின் தொடக்கப்புள்ளி கட்டளையில் எழுதப்படுவதில்லை. கருவி அப்போது நிற்கும் இடமே தொடக்கம். முடிவுப்புள்ளி எக்ஸ், வை மதிப்புகளாலும், மையம் ஐ, ஜே மதிப்புகளாலும் தரப்படும். ஆகவே வட்டவில் வரி ஒன்றைத் தனியே படித்து அது சரியா தவறா எனக் கூற இயலாது. அதற்கு முந்தைய வரிகள் கருவியை எங்கே நிறுத்தின, எந்த முறையைத் தேர்ந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மையத்தைக் குறிப்பதில் குழப்பம்

ஐ, ஜே மதிப்புகளை இரு வகையாகப் படிக்கலாம். சார்பு முறையில் அவை தொடக்கப்புள்ளியிலிருந்து மையத்துக்கு உள்ள தொலைவு. தனி முறையில் அவை மையத்தின் ஆள்கூறுகளே. பல கட்டுப்படுத்திகளில் ஜி91.1 முன்னதையும் ஜி90.1 பின்னதையும் தேர்வுசெய்யும். மாக்3 மென்பொருளில் இது அமைப்புத் திரையிலும் மாற்றத்தக்கது.

எடுத்துக்காட்டாக, கருவி எக்ஸ்50 வை20 என்னும் புள்ளியில் நிற்க, ஜி03 எக்ஸ்30 வை40 ஐ-20 ஜே0 என்ற வரி வருவதாகக் கொள்வோம். சார்பு முறையில் மையம் (30, 20). ஆரம் 20 மி.மீ.; கால்வட்டம் சரியாக அமையும். தனி முறையிலோ மையம் (-20, 0) ஆகிறது. அதிலிருந்து தொடக்கப்புள்ளி 72.80 மி.மீ. தொலைவிலும் முடிவுப்புள்ளி 64.03 மி.மீ. தொலைவிலும் உள்ளன. இரண்டும் ஒரே வட்டத்தில் இல்லை. இதைச் சோதிக்கும் கட்டுப்படுத்தி பிழை காட்டி நின்றுவிடும். சோதிக்காதது வெட்டத் தொடங்கிவிடும். நிற்பதே நல்லது.

தொடக்கப்புள்ளி (0, 0) ஆக இருந்தால் இரு முறைகளும் ஒரே மையத்தைத் தரும் என்பதைக் கவனிக்க வேண்டும். சுழியத்தில் தொடங்கும் சோதனை நிரல் சரியாக ஓடிவிட்டு, உண்மையான வேலையில் பிழை தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

ஆர் முறை

மையத்துக்குப் பதிலாக ஆரத்தை மட்டும் ஆர் என்று தரும் முறையும் உண்டு. இரு புள்ளிகள் வழியே ஒரே ஆரமுடைய இரு வட்டங்கள் செல்லக்கூடும் என்பதால், 180 பாகைக்கு மேற்பட்ட வில்லுக்கு ஆர் மதிப்பை எதிர்க்குறியுடன் எழுதுவது வழக்கம். முழுவட்டத்தை இம்முறையில் எழுதவே இயலாது.

அரைவட்டத்தை நெருங்கும் வில்களில் இம்முறை மிக நொய்ந்தது. ஆரம் 10 மி.மீ. உடைய அரைவட்டத்தின் இரு முனைகளுக்கு இடைத்தொலைவு 20 மி.மீ. தசமத்தைச் சுருக்கும்போது அது 19.998 ஆனால், மையம் ஏறத்தாழ 0.14 மி.மீ. விலகிவிடும். 20.002 ஆனாலோ அத்தகைய வட்டமே இல்லை.

சிறு வில்லும் முழுவட்டமும்

சேதம் மிகுதியாக விளைவிப்பது இவ்வகை. ஐ, ஜே முறையில் தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியாக இருந்தால் அது முழுவட்டம் எனப் பொருள்படும். 200 மி.மீ. ஆரமுடைய வளைவில் 0.0004 மி.மீ. நீளமே உள்ள துண்டு ஒன்றைக் கேம் மென்பொருள் உருவாக்கினால், மூன்று தசம இடங்களில் எழுதும்போது இரு முனைகளும் ஒன்றாகிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத அத்துண்டுக்குப் பதில் 400 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டப்படும். இத்தகைய துண்டுகளை நீக்கும் அல்லது நேர்கோடாக மாற்றும் குறைந்தபட்ச வில் நீள அமைப்பு பல மென்பொருள்களில் உண்டு.

தளமும் திசையும்

ஜி17 எக்ஸ்-வை தளத்தையும், ஜி18 எக்ஸ்-இசட் தளத்தையும், ஜி19 வை-இசட் தளத்தையும் தேர்வுசெய்யும். செங்குத்து வில்லாகப் பலகைக்குள் இறங்கிய பின் ஜி17-க்குத் திரும்பாவிட்டால் அடுத்துவரும் கிடைவில்கள் கெடும். ஜி18-இல் சுழற்சித்திசை வை அச்சின் நேர்முனையிலிருந்து பார்த்துக் கணிக்கப்படுவதால், எதிர்முனையில் நிற்பவருக்கு ஜி02 இடஞ்சுழியாகவே தோன்றும், இது பிழையன்று. எக்ஸ், வை அச்சுகளை இடம்மாற்றிவிட்டு ஜி02, ஜி03 ஆகியவற்றை மாற்றாத பின்செயலியோ, குழிந்திருக்க வேண்டியதைப் புடைத்ததாக ஆக்கிவிடும்.

கண்டறிதல்

கேம் மென்பொருளின் திரைக்காட்சி பெரும்பாலும் அதன் உள் தரவிலிருந்து வரையப்படுவது. வெளியிடப்பட்ட நிரலிலிருந்து அன்று. எனவே அங்கு அழகாகத் தோன்றும் பாதை எதையும் நிறுவுவதில்லை. கட்டுப்படுத்தியின் முன்காட்சியையே நம்பவேண்டும். பின்னர் சுழலியை நிறுத்தி, கருவியைப் பலகைக்கும் கிளாம்புகளுக்கும் மேலே உயர்த்தி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சுழியத்திலிருந்து விலகித் தொடங்கும் கால்வட்டம் ஒன்றைக் கையால் எழுதி ஓட்டலாம். அது சரியாக அமைந்தால் ஐயம் பின்செயலியின் மேல் திரும்பும்.

கிர்பிள் 1.1 கட்டுப்படுத்தி, தொடக்க ஆரமும் முடிவு ஆரமும் 0.5 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டாலும், அல்லது 0.005 மி.மீ.-க்கு மேலும் ஆரத்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேலும் வேறுபட்டாலும், பிழை எண் 33-ஐக் காட்டி வில்லை மறுக்கும். தசம இடங்களைக் கூட்டினால் பெரும்பாலும் இது தீரும். அங்குல நிரலில் மூன்று தசமங்கள் போதாது, நான்கு வேண்டும்.

வில்களை எல்லாம் சிறு நேர்கோடுகளாக வெளியிடுவதும் உண்டு. இது பிழையைத் தீர்ப்பதன்று, தவிர்ப்பதே. கோப்பு பெருத்து, மெதுவான கட்டுப்படுத்திகளில் கருவி தயங்கித் தயங்கிச் சென்று மரத்தைக் கருக்கவும் கூடும்.

பொறிசார்ந்த குறைகள்

மேற்கண்டவை நிரற்பிழைகள், காற்றில் ஓட்டினாலும் தோன்றும். வட்டம் ஏறத்தாழ சரியாக இருந்து சிறிதளவே கோணினால் பொறியை ஆராய வேண்டும். அச்சு திசைமாறும் நான்கு இடங்களில் தட்டையோ படியோ தெரிந்தால் திருகில் அல்லது பற்சட்டத்தில் தளர்வு உள்ளது. ஓர் அச்சின் அளவீடு பிசகினால் வட்டம் அவ்வச்சின் வழியே நீள்வட்டமாகும். 45 பாகையில் சாய்ந்த நீள்வட்டமானால், குறுக்குப்பாலம் செங்குத்தாக அமையவில்லை என்று பொருள்.

பகுப்பு: எண்கட்டுப்பாட்டுப் பொறிகள்