தடா, பொடா, உபா: இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள்

பயங்கரவாதக் குற்றங்களுக்கென இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டங்களில் முதன்மையானவை மூன்று: 1985இல் வந்த தடா, 2002இல் வந்த பொடா, 1967இல் வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்து 2004க்குப் பின் உருமாறிய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். கடைசியாகச் சொன்னதை உபா என்று சுருக்கி அழைக்கிறார்கள். தடாவும் பொடாவும் இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் அவற்றின் கடுமையான பிரிவுகளில் பல உபாவுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

குண்டுவெடிப்பிலிருந்து மக்களைக் காப்பது அரசின் கடமை. குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே அரசின் கடமைதான். இந்தச் சட்டங்களின் வரலாற்றில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஜாமீன் மனுவின் மேல்தான் மோதிக்கொள்கின்றன. இறுதித் தீர்ப்பு வருவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

முன்வரலாறு

விசாரணையின்றி ஒருவரைச் சிறைவைக்கும் தடுப்புக் காவலுக்கு அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவே இடம் தந்திருக்கிறது. அதை எதிர்த்துச் சென்னை மாகாண அரசுக்கு எதிராகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 1971இல் வந்த மிசா என்ற தடுப்புக் காவல் சட்டம், நெருக்கடி நிலைக் காலத்தில் எதிர்க்கட்சியினரை அடைத்துவைக்கப் பயன்பட்டது. தடாவும் அதற்குப் பின் வந்தவையும் வேறு வகை. இவற்றில் வழக்கும் விசாரணையும் உண்டு, ஆனால் விசாரணையின் விதிகள் மாற்றி எழுதப்பட்டன.

தடா (1985–1995)

பஞ்சாப் வன்முறையின் பின்னணியில், 1985 மே மாதம் டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்ததை ஒட்டி இச்சட்டம் வந்தது. 1987இல் திருத்தி இயற்றப்பட்டது. இதன் 15ஆவது பிரிவுதான் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொல்லியிருந்தது. போலீஸ் நிலையத்தில் அடித்து வாங்கும் வாக்குமூலத்தை வெள்ளைக்கார அரசே நம்பத் துணியவில்லை. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்தால் போதும், அது சாட்சியமே என்றது தடா. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்றது. 15ஆவது பிரிவைப் பொறுத்தவரை மூவர் ஏற்க, கே. ராமசாமி, ஆர். எம். சகாய் ஆகிய இருவர் மறுத்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன்.

அந்தப் பிரிவு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கு சான்று. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது, நேரே உச்ச நீதிமன்றம்தான். அந்த நீதிமன்றம் 1999 மே மாதம், தடாவின் கீழான பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று கூறி 19 பேரை விடுவித்தது. ஆயினும் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்று ஏற்று, அவற்றைக் கொண்டு மற்ற எழுவரின் கொலைக் குற்றத்தை உறுதிசெய்தது. அவர்களில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் பணி ஓய்வுக்குப் பின் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். எழுதுகிறவரின் பேனாவே சாட்சியமாகிவிடும் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே மாதத்தில்.

தடாவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா 1995இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி, இதை நீட்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு மே மாதம் அது காலாவதியானது.

பொடா (2002–2004)

நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், மாநிலங்களவை நிராகரித்த மசோதாவை 2002 மார்ச்சில் கூட்டுக் கூட்டம் கூட்டி நிறைவேற்றினார்கள். ஆதரித்த கூட்டணியில் மதிமுகவும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அக்கட்சித் தலைவர் வைகோ பொடாவில் கைதாகி வேலூர் சிறைக்குப் போனார். 2004 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். இதற்கிடையே 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கமில்லாத வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்று வரையறுத்தது. பேச்சுரிமைக்குக் கிடைத்த நல்ல பாதுகாப்பு அது. 2004இல் பொடா திரும்பப் பெறப்பட்டது.

உபா

இச்சட்டத்தின் வேர் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளது. திராவிட நாடு கோரிக்கை வலுவாக இருந்த காலத்தில், 1963இல், பதினாறாவது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காரணம் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அது வழிசெய்தது. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார். அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சியாக 1967இல் பிரிவினை அமைப்புகளைத் தடைசெய்யப் பிறந்ததுதான் உபா.

பொடா போன அன்றே அதன் பயங்கரவாதப் பிரிவுகள் உபாவில் சேர்க்கப்பட்டன. போலீஸ் வாக்குமூலப் பிரிவு மட்டும் விடப்பட்டது, அது பெரிய ஆறுதல். ஆனால் தடாவும் பொடாவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உயிருள்ளவை. நீட்டிக்க வேண்டுமானால் ஆட்சியாளர்கள் மீண்டும் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். உபாவுக்குக் காலவரம்பே இல்லை. பிரிட்டனில் இத்தகைய சட்டங்கள் செயல்படும் விதத்தை ஆண்டுதோறும் ஆராய்ந்து அறிக்கை தர, அரசைச் சாராத மூத்த வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். இந்தியாவில் அப்படி ஒரு பதவியும் இல்லை.

மும்பைத் தாக்குதலையடுத்து 2008 டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமை உருவானது. கூடவே உபாவில் 43டி பிரிவு நுழைந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை அவகாசம் பெறலாம். போலீஸ் ஆவணங்களைப் பார்த்தவுடன் குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டு என்று நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் தரக்கூடாது. 2019இல் வட்டாலி வழக்கின் தீர்ப்பு இதை மேலும் இறுக்கியது. அந்த ஆவணங்கள் சாட்சியமாக ஏற்கத்தக்கவையா என்று ஜாமீன் கட்டத்தில் அலசக்கூடாது என்றது. எதிர்த்தரப்பின் தாள்களை மெய்யென்று வைத்துக்கொண்டு வாதாடும்படி குற்றம் சாட்டப்பட்டவரிடம் சொல்வது நியாயமான விசாரணை ஆகாது. தனிநபரையே பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரமும் அதே ஆண்டில் மத்திய அரசுக்கு வந்தது.

2016 முதல் 2020 வரை உபாவில் 24,134 பேர் மீது வழக்குப் பதிவானது. தண்டனை பெற்றவர்கள் 212 பேர், விடுவிக்கப்பட்டவர்கள் 386 பேர் என அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மற்றவர்களின் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதற்கு திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமியின் கடைசி மாதங்களே சாட்சி. 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது, பதில் சொல்ல அரசுத் தரப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. மருத்துவ ஜாமீன் கோரிய மேல்முறையீடு மும்பை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

அதே 2021 பிப்ரவரியில், கே. ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. நஜீப் ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார், இன்னும் 276 சாட்சிகள் மிச்சம், விசாரணை விரைவில் முடியப் போவதில்லை. அப்படிப்பட்ட நிலையில் 43டி பிரிவு இருந்தாலும் அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்றது. 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டியது கட்டாயம் என்றும் கூறியது.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 113ஆவது பிரிவும் பயங்கரவாதச் செயலைக் குற்றமாக்குகிறது. 43டி போன்ற ஜாமீன் தடை அந்தச் சன்ஹிதாவில் இல்லை. ஒரு வழக்கை அதன் கீழ் பதிவதா, உபாவின் கீழ் பதிவதா என்று காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்வார். எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.