வாசிப்பது யார்? தில்லித் தொலைக்காட்சிச் செய்தியறிக்கையின் வானொலி வேர்கள், 1959–2003

இந்திய ஒலி, ஒளிபரப்புக் கொள்கை ஏன் இத்தனை இறுக்கமாக இருந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் வந்து சேரும் இடம், ராபின் ஜெஃப்ரி 2006-இல் வெளியிட்ட கட்டுரை. மகாத்மாவுக்குத் திரைப்படம் பிடிக்காமல் போனது ஏன் முக்கியம் என்று அதன் தலைப்பே வாதத்தைச் சொல்லிவிடுகிறது. ஜெஃப்ரி மூன்று இழைகளைப் பின்னுகிறார். முதலாவது, வானொலியை அரசின் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் சொத்தைச் சுதந்திர அரசு அப்படியே சுவீகரித்துக்கொண்டது. இரண்டாவது, காங்கிரஸ் தலைமுறையினரிடம் கேளிக்கையின் மீது ஓர் ஒழுக்கவாத வெறுப்பு இருந்தது. மூன்றாவது, பிரிவினையின் ரத்தத்தைக் கண்டவர்கள் என்பதால், கலவரத்தைத் தூண்டக்கூடிய எதையும் காற்றில் விட அவர்கள் அஞ்சினார்கள்.

முதல் இழையில் எனக்குச் சண்டையில்லை. மற்ற இரண்டும் வானொலிக்கு, குறிப்பாக அதன் இசைக் கொள்கைக்கு, நன்றாகவே பொருந்துகின்றன. பி. வி. கேஸ்கர் 1952 முதல் 1962 வரை தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில் திரைப்பாடல்கள் ஓரங்கட்டப்பட்டன. கேட்போர் இலங்கை வானொலிக்குப் போய்விட்ட பிறகு, 1957 அக்டோபரில் திரைப்பாடல்களுக்கு இடமளித்த விவித் பாரதி தொடங்கப்பட்டது. ஆனால் ஜெஃப்ரியின் சட்டகத்தைத் தில்லித் தொலைக்காட்சி நிலையத்தின் மீது, அதிலும் அதன் செய்தியறிக்கையின் மீது வைத்துப் பார்த்தால், மூன்று இடங்களில் அது கிழிகிறது. அந்த மூன்று இடங்களையும் காட்டுவதே என் நோக்கம். தில்லிச் செய்தி மேசை அஞ்சியது சொல்லுக்கு. படத்துக்கு அஞ்ச அதற்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது வானொலியின் மேசை.

நிலையத்தின் பிறப்பு தெரிந்த கதைதான். 1959 செப்டம்பர் 15 அன்று, நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஆகாசவாணி பவனில், சிறிய டிரான்ஸ்மிட்டருடனும் அவசரத்துக்கு அமைத்த ஸ்டூடியோவுடனும் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். யுனெஸ்கோ 20,000 டாலர் கொடுத்தது. திரைப்பாடலை வெறுத்த அதே கேஸ்கரின் அமைச்சகத்தில்தான் இது நடந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அந்த முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் யார் என்பதில் ஒரு பாட வேறுபாடு உண்டு. யுனெஸ்கோ அளித்த பெட்டிகளைச் சுற்றி 180 டெலிகிளப்புகள் கூடின என்று சில நூல்கள் சொல்கின்றன. நகரில் வைக்கப்பட்ட சமூகப் பெட்டிகள் 21 மட்டுமே என்று வேறு சில சொல்கின்றன. ஒளிபரப்பு எட்டிய தூரமும் ஒரு நூலில் 25 கிலோமீட்டர், இன்னொன்றில் 40 கிலோமீட்டர். பாடநூல்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன. இரண்டு எண்களும் இரண்டு வேறு தேதிகளுக்கு உரியவை என்று நான் கருதுகிறேன்: 21 என்பது தொடக்க நாள்களின் கணக்கு, 180 என்பது திட்டம் வளர்ந்த பின் எட்டிய அல்லது எட்ட நினைத்த கணக்கு. எந்த மாதத்தில் ஒன்று மற்றதாக மாறியது என்று அறுதியிட நான் முயலவில்லை. என் வாதத்துக்கு எண்ணைவிட டெலிகிளப் என்ற அமைப்பே முக்கியம். மக்கள் ஓரிடத்தில் கூடி நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள், முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். இது தொலைக்காட்சிக்கென்று யோசித்துச் செய்த ஏற்பாடு அன்று. 1956-இல் புனே வட்டாரக் கிராமங்களில் யுனெஸ்கோ துணையுடன் நடந்த வானொலி உழவர் மன்றத்தின் அச்சு அது. அங்கே பெட்டி பேசியது, இங்கே பெட்டி பேசியதோடு சற்று அசையவும் செய்தது. 1960 இறுதியிலிருந்து 1961 மே வரை நடந்த சமூகக் கல்வித் தொடரும், 1961 அக்டோபரில் ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் தொடங்கிய பள்ளி ஒளிபரப்பும் இதே வழியில் வந்தவை. 1967 ஜனவரி 26 அன்று தில்லியைச் சுற்றிய 80 கிராமங்களுக்காகத் தொடங்கிய வேளாண் நிகழ்ச்சியான கிருஷி தர்ஷனும் அப்படியே.

செய்திக்கு வருவோம். 1965 ஆகஸ்ட் 15 முதல் ஒளிபரப்பு அன்றாடமானது, அதோடு செய்தியறிக்கையும் வந்தது. பிரதிமா புரி வாசித்தார். அறிக்கையின் நீளம் ஐந்து நிமிடம். 1967-இல் சல்மா சுல்தான் வந்தார். அவர் கூந்தலில் செருகிய ரோஜாவைப் பற்றிப் பேசாத தில்லிவாசியே இல்லை. அந்த ரோஜா நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அந்த அறிக்கையில் பார்ப்பதற்கென்று இருந்ததே பெரும்பாலும் வாசிப்பவரின் முகம்தான்.

இங்கே ஒரு சிறு சான்றில் சற்று நிற்க வேண்டும். அது கல்வெட்டில்லை, ஆனால் கல்வெட்டைப் போலவே ஆயிரக்கணக்கான முறை அதே வடிவில் பொறிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை காலையில் எழுந்தது அந்த வாக்கியத்துக்குத்தான்: ‘ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி.’ தில்லியிலிருந்து வந்த குரல் அது. அதே தில்லியிலிருந்து ஆங்கில அறிக்கையும் இன்னார் ‘வாசிக்கும்’ செய்தி என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. இந்தி அறிக்கை மட்டும் வேறு: இன்னாரிடமிருந்து செய்தி ‘கேளுங்கள்’ என்றது. ஒரே நகரம், ஒரே துறை, மூன்று மொழிகள், இரண்டு வினைகள். தமிழும் ஆங்கிலமும் செய்பவரின் செயலைச் சொல்கின்றன, இந்தி பெறுபவரின் செயலைச் சொல்கிறது. தமிழ் வாக்கியத்தில் பெயர் கடைசியில்தான் வருகிறது. முதலில் நிறுவனம், பிறகு செய்தி, பிறகு வாசிப்பு, அதன் பிறகே மனிதர்.

வாசிப்பது என்றால் வாசிக்க ஒரு தாள் இருக்கிறது என்று பொருள். அந்தத் தாளை வாசிப்பவர் எழுதவில்லை. எழுதியவர்கள் செய்தி மேசையில் இருந்த அரசு அதிகாரிகள். 1960-இல் உருவான மத்தியத் தகவல் பணியின் அலுவலர்கள் வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் அந்த மேசைகளில் அமர்ந்தார்கள். வாசித்தவர்கள் பலருக்கு வேறு தொழில் இருந்தது. ஆங்கிலச் செய்தியின் கம்பீரக் குரலான தேஜேஷ்வர் சிங் பதிப்புத் துறையில் இருந்தவர். தாளைக் கட்டுப்படுத்தினால் செய்தியைக் கட்டுப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை வானொலியில் முழுக்கச் சரி. காட்சிப் பெட்டியில் அது பாதிதான் சரி. ஆனால் அந்த நம்பிக்கை சொற்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, திரையில் தோன்றி நம் வீட்டுக்குள் வந்த ஷோபனா ரவியையும் நாம் ‘செய்தி வாசிப்பாளர்’ என்றுதான் அழைத்தோம். முகம் தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

வானொலியிலிருந்து தொலைக்காட்சியைப் பிரிக்க வேண்டும் என்று 1966-இலேயே சந்தா குழு பரிந்துரைத்தது. பிரிவு நடந்தது 1976 ஏப்ரல் 1 அன்றுதான். அப்படிப் பிரிந்த தூர்தர்ஷனின் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற பி. வி. கிருஷ்ணமூர்த்தி வானொலியிலேயே வளர்ந்தவர், தமிழர். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. செயற்கைக்கோள் வழிக் கல்விப் பரிசோதனையில் அவர் ஆற்றிய பங்கு பெரிது. ஆனால் பெயர்ப் பலகையும் நிர்வாகமும் பிரிந்த அளவுக்குச் செய்தி மேசையின் பழக்கம் பிரியவில்லை.

இனி ஜெஃப்ரியின் சட்டகம் கிழியும் இடங்கள். முதலாவது, ஒழுக்கவாதம். காங்கிரஸ் தலைமைக்குத் திரைப்படத்தின் மீது வெறுப்பு இருந்தது உண்மையென்றால், 1965-க்குப் பின் அன்றாட ஒளிபரப்பில் திரைப்படமும் திரைப்பாடலும் அத்தனை இயல்பாக இடம்பிடித்திருக்க முடியாது. இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: அதற்குள் கேஸ்கர் போய்விட்டார், தலைமுறை மாறிவிட்டது. ஏற்கலாம். அப்படியென்றால் ஒழுக்கவாதம் என்பது நிறுவனத்தின் பண்பு என்பதைவிட ஓர் அமைச்சரின் பண்பு என்றாகிவிடுகிறது. ஜெஃப்ரி அதற்குக் கொடுக்கும் எடையை அது தாங்காது.

இதைவிட வலுவான சான்று 1977 பிப்ரவரி 6. நெருக்கடிநிலைக் காலத்தின் கடைசி மாதங்கள், தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டது, நான்கு நாள்களுக்கு முன் ஜகஜீவன் ராம் அமைச்சரவையை விட்டு வெளியேறியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் அவர் பேசவிருந்த கூட்டத்துக்கு மக்கள் போய்விடாதபடி, தில்லித் தொலைக்காட்சியில் ராஜ் கபூரின் ‘பாபி’ ஒளிபரப்பப்பட்டது. 1973-இல் வந்து இளைஞர்களைக் கிறங்கடித்த காதல் படம். கூட்டம் குறையவில்லை, பாபுஜி (ஜகஜீவன் ராம்) பாபியை வென்றார் என்று நாளிதழ்த் தலைப்பு வந்தது. அரசு எதைத் தடுத்தது, எதைத் திறந்துவிட்டது என்று பாருங்கள். கூட்டத்தைப் பற்றிய சொல் அறிக்கைக்குள் நெருங்கவிடப்படவில்லை. நீச்சலுடைக்காகப் பேசப்பட்ட படம் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. சொல்லுக்குக் காவல், படத்துக்குக் கதவு. இன்னொன்றும் இதில் தெரிகிறது. அந்த நிலையத்தை ஆட்சியாளர்கள் ஒரு நகரத்தின் கருவியாகவே கண்டார்கள். ஒரு மைதானத்தின் கூட்டத்தைக் குறைக்க ஒரு நகரத்தின் பெட்டிகள் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970-இல் அந்த வட்டாரத்தில் சமூகப் பெட்டிகள் நீங்கலாக ஏறத்தாழ 22,000 பெட்டிகளே இருந்தன. ஏழாண்டில் அவை பெருகியிருந்தன, ஆனாலும் கணக்கு தப்பிவிட்டது.

இரண்டாவது இடம், அச்சம். ஜெஃப்ரியின் வாதத்தில் மிக உறுதியானது என்று பலர் கருதும் இழை இதுதான். 1984 அக்டோபர் 31-ஐ அதற்குச் சான்றாகக் காட்டலாம். காலை 9.20 அளவில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி மரணத்தைச் சொல்லிவிட்ட பிறகும், நம் அரசு ஊடகங்கள் மாலை வரை வாய்திறக்கவில்லை. சல்மா சுல்தான் தழுதழுத்த குரலில் வாசித்தது மாலை அறிக்கையில். இந்தத் தாமதத்துக்கு அச்சமே காரணம் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் மறுநாள் நடந்தது என்ன? தீன்மூர்த்தி இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த உடலையும் வரிசையில் வந்த மக்களையும் கேமரா மணிக்கணக்கில் நேரலையாகக் காட்டியது. அங்கே எழுந்த ‘ரத்தத்துக்கு ரத்தம்’ என்ற முழக்கம் ஒளிபரப்பில் கேட்டது என்று பின்னர் வந்த குடிமக்கள் அறிக்கைகளும் விசாரணைகளில் சாட்சி சொன்னவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் எழுந்த முழக்கம் என்பதில் சாட்சியங்களிடையே வேறுபாடு உண்டு. 31 மாலை மருத்துவமனை வாசலில் என்பாரும் உண்டு. தீன்மூர்த்தி, நவம்பர் 1 என்பதையே நான் ஏற்கிறேன், தேதியை அதற்கு மேல் இறுக்கிப் பிடிக்க மாட்டேன். அந்த நாள்களில் சீக்கியர்களுக்கு எதிராக எழுந்த வன்முறையில் தில்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள், அரசே ஏற்றுக்கொண்ட கணக்குப்படி, 2,733 பேர். கலவரத்துக்கு அஞ்சியே இந்த நிறுவனம் உருவானது என்றால், வரலாறு வைத்த மிகக் கடுமையான தேர்வில் அது அந்த ஒலியைக் காற்றில் விட்டது எப்படி? சதி என்பார்கள் சிலர், அதற்கான சான்று என் கையில் இல்லை. எளிய விளக்கம் ஒன்று உண்டு: நேரலைக்குத் தாள் இல்லை. தாள் இல்லாத இடத்தில் மேசைக்கு வேலை இல்லை. மரணம் என்ற ஒரு சொல்லைப் பல மணி நேரம் பூட்டிவைத்த அதே நிறுவனம், மறுநாள் திறந்த மைக்கை மறந்தது. அஞ்சியவர்கள் இரண்டையும் பூட்டியிருப்பார்கள். வானொலிக்காரர்கள்தான் ஒன்றை மட்டும் பூட்டுவார்கள்.

பணமில்லாமையால்தான் படம் பின்தங்கியது என்ற மாற்று விளக்கமும் உண்டு. 1982 வரை அதை ஏற்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தேசிய நிகழ்ச்சியும் வண்ணமும் வந்தன. ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரிலேயே செயலிழந்தாலும், நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நாடெங்கும் தெரிந்தது. பணம் வந்த பிறகும் அறிக்கையின் எலும்புக்கூடு மாறவில்லை. தில்லியில் ஒரு மேசை எழுதி ஒருவர் வாசித்த அறிக்கை, அதே வடிவில் ஸ்ரீநகருக்கும் நாகர்கோவிலுக்கும் போனது. இதைத் தேசியச் செய்தியின் பிறப்பு என்று எழுதுகிறார்கள். ஒரு நகர நிலையத்தின் பழக்கம் நாடு முழுக்க நீண்டது என்று எழுதுவதே பொருத்தம்.

மூன்றாவது இடம் எங்கோ ஓரத்தில் இருக்கிறது, ஜெஃப்ரி அங்கே போகவில்லை: மேசை வெளியே போனதும் அறிக்கையின் வடிவமும் மாறிய இடம் அது. 1984 செப்டம்பர் 17 அன்று, இந்திரா காந்தி சுடப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன், தில்லிக்கு மட்டும் இரண்டாவது அலைவரிசை ஒன்று தொடங்கப்பட்டது. தேசிய நிகழ்ச்சி விழுங்கிவிட்ட நகரத்துக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டியிருந்தது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். 1993-இல் அது பெருநகரங்களை இணைத்த மெட்ரோ அலைவரிசையானது. அதில்தான், 1995 ஜூலை 17 அன்று, எஸ். பி. சிங் முன்னின்று ‘ஆஜ் தக்’ இருபது நிமிட அறிக்கையாகத் தொடங்கியது. தயாரித்தது வெளி நிறுவனம். எழுதியவரும் திரையில் தோன்றியவரும் ஒருவரே. சிங் தாளை வாசிக்கவில்லை, நேயரோடு பேசினார். 1997 ஜூன் 13 அன்று தெற்கு தில்லியின் உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்தபோது, புகையையும் உறவினர்களின் முகங்களையும் முன்னால் வைத்து அறிக்கை வந்தது, சொல் பின்னால் நடந்தது. சில நாள்களில் சிங் மூளை ரத்தக்கசிவால் வீழ்ந்து ஜூன் 27 அன்று மறைந்தார். அந்த அறிக்கையை வாசிப்பு என்று அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. தமிழிலோ, தனியார் அலைவரிசைகள் பெருகிய பிறகும் ‘செய்தி வாசிப்பாளர்’ என்ற சொல்லே நின்றது.

அந்த மெட்ரோ அலைவரிசை 2003 நவம்பர் 3 அன்று மூடப்பட்டது. அதன் இடத்தில் அன்றே 24 மணி நேர டிடி நியூஸ் தொடங்கியது.