தேய்ந்த எடைக்கல்

பருத்திச் சந்தையில் பழகிய கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தராசு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எடைக்கல்லும் தேயாமல் இருக்கவேண்டும். கல் தேய்ந்துவிட்டால், நிறுக்கிறவர் அரிச்சந்திரனே ஆனாலும் கணக்குப் பொய்த்துவிடும். ஆகாயத்தை அளந்த விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது.

கொங்கு நாட்டுக்குத் தெற்கே வேலி போட்டாற்போல் நிற்கிறது பழனி மலைத்தொடர். அதன்மேல் கோடைக்கானலில் 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1957 முதல் அங்கே ஓஸோனையும் அளக்கலானார்கள். சூரியனின் புற ஊதாக் கிரணங்களை மறித்து நம்மைக் காக்கும் வாயு அது. அளப்பதற்கு, ஆக்ஸ்போர்டு டாப்ஸன் 1920-களில் அமைத்த கருவி. ஓஸோன் மிகுதியாக விழுங்கும் கிரணம் ஒன்று, அவ்வளவாக விழுங்காத கிரணம் ஒன்று. இரண்டின் பலத்தையும் ஒப்பிட்டால், நடுவே எவ்வளவு ஓஸோன் என்பது தெரிந்துவிடும். கோடைக்கானலுக்கு மேலே உள்ளது அத்தனையையும் கடல்மட்டத்துக்கு இறக்கிப் பரப்பினால், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் தேறும்!

1978-ல் அமெரிக்கா நிம்பஸ்-7 என்ற செயற்கைக் கோளை ஏவியது. உலகம் முழுவதையும் நாள்தோறும் பார்க்கும் கண் கிடைத்தபின், மலைமேல் உட்கார்ந்து ஏடு எழுத ஆள் எதற்கு என்று தோன்றும் அல்லவா?

ஆனால் தென் துருவத்தில் வசந்த காலந்தோறும் ஓஸோன் சரிவதை 1985-ல் வெளியிட்டவர்கள், ஹாலி விரிகுடாவில் தரையிலிருந்து அளந்த ஃபார்மனும் அவர் சகாக்கள் இருவரும்தான். செயற்கைக் கோளும் அதைக் கண்டிருந்தது. அவ்வளவு சிறிய எண்கள் சந்தேகத்துக்கு உரியவை என்று தனியே குறிக்கப்பட்டிருந்தன.

மற்ற இடங்களில் பிழை நேர்மாறானது. பூமியிலிருந்து திரும்பும் ஒளியை, ஒரு தகட்டில் விழும் சூரிய ஒளியோடு ஒப்பிடுவது அந்தக் கோளின் முறை. சூரியனில் காய்ந்து காய்ந்து தகடு மங்கிவிட்டது. அதுதான் தேய்ந்த எடைக்கல். ஓஸோன் உண்மையில் குறைந்ததைக் காட்டிலும் மிகுதியாகக் குறைந்ததாகக் கணக்கு வந்தது. 1988-ல் நிபுணர் குழு ஒன்று தரைக் கருவிகளின் ஏடுகளை வைத்து இதை வெளிப்படுத்தியது. பொய் நஷ்டம் கழிந்த பிறகும் மெய் நஷ்டம் மிஞ்சியது: வட அட்சம் 30 முதல் 64 பாகை வரை, 1969-க்கும் 1986-க்கும் இடையில் 1.7 முதல் 3 சதவிகிதம்.

சிறிய எண்தான், ஆனால் நம்பத் தகுந்த எண். ஓஸோனை அழிக்கும் குளிர்சாதன வாயுக்களைக் குறைப்பதாக 1987-ல் மாண்ட்ரீலில் ஒப்பிய நாடுகள், 1990-ல் லண்டனில் கூடி, அவற்றை அடியோடு நிறுத்துவதென்றே தீர்மானித்தன.

செயற்கைக் கோள் பழுதானால் இன்னொன்றை ஏவலாம். மலைமேல் எழுதும் ஏடு ஒரு வருஷம் நின்றுபோனால், அந்த வருஷத்தை எந்தச் சந்தையிலும் விலைக்கு வாங்க முடியாது.