ரோட்டரி ஹேமர் (பாறையேற்றம்)

பாறையேற்றப் பாதைகளில் போல்ட் பதிப்பதற்குத் துளையிடும் பேட்டரிக் கருவி. வீட்டுச் சுவருக்கான சாதாரண ஹேமர் டிரில் இதற்கு உதவாது. பல்தட்டுகள் இரண்டு உரசி எழும் அதிர்வுதான் அதன் பலம். ரோட்டரி ஹேமரிலோ, பிஸ்டன் அழுத்தும் காற்றே சுத்தியலாக அடிக்கிறது. பிட்டைச் செருகியதும் பூட்டிக்கொள்ளும் எஸ்டிஎஸ்-பிளஸ் பிடிப்பு இதில் வழக்கம். கயிற்றில் தொங்கியபடி தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், 10 அல்லது 12 மி.மீ. துளைகளுக்குச் சுமார் 2 ஜூல் அடியாற்றல் கொண்ட, எடை குறைந்த 18 வோல்ட் கருவியே நல்ல தேர்வு. கருங்கல்லில் பேட்டரி சீக்கிரம் தீரும். சுண்ணாம்புப் பாறையில் கூடுதல் துளைகள் கிடைக்கும்.

கல்தூசிதான் கருவியின் பெரும் பகை. வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளையும் பிட் செருகும் வாயையும் துடைத்து, பிட்டின் அடித்தண்டில் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். முனை தேய்ந்த பிட் துளையைச் சிறுக்க வைக்கும், போல்ட் இறங்காது. அதை அடித்துத் திணிப்பது உயிரோடு விளையாடுவது. லித்தியம் பேட்டரியை நெடுநாள் வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாமல் வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் மின் டிரில்லுக்குத் தடை உண்டு; அங்கே கையால்தான் துளையிட வேண்டும்.