அறிவுத் தெய்வமும் அயல்மொழியும்

அறிவைப் பெண் தெய்வமாகப் போற்றிய நாடுகள் பல. பண்டைக் கிரேக்கர் அவளை அதீனா என்றழைத்தனர். தேவர் தலைவனாகிய ஜீயஸின் தலையினின்றும் கவசம் பூண்டவளாகவே அவள் தோன்றினாள் என்பது அவர்தம் புராணம். அவளுக்காக ஏதென்ஸ் நகரத்தார் கி.மு. 447-இல் கட்டத் தொடங்கிய பார்த்தினான் கோயில், சிதைவுற்ற நிலையில் இன்றும் குன்றின்மேல் நிற்கின்றது. நெசவையும் ஒலிவ மரத்தையும் அவள் கொடை என்றனர். வேலும் கேடயமும் தாங்கித் தன் நகரைக் காப்பவள் அவள்.

நம் கலைமகளின் கைகளிலோ ஏடும் வீணையும் செபமாலையும் காண்கின்றோம். அவளுக்குத் தனிக்கோயில்கள் அரியன. அவற்றுள் ஒன்று சோழநாட்டுக் கூத்தனூரில் உள்ளது. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் வீற்றிருந்த 12-ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒட்டக்கூத்தரின் பெயரால் அவ்வூர் வழங்குகின்றது. அரசர் ஆதரவில், தாய்மொழி வழங்கும் நிலத்திலேயே புகழ்பெற்றவர் அப்புலவர்.

பிறமொழி வழங்கும் நிலத்திற் சென்று கலைமகளை வேண்டியவர் மற்றொருவர். பொருநைக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் 17-ஆம் நூற்றாண்டிலே தோன்றிய குமரகுருபரர், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டவர். அவர் காசிக்குச் சென்றபோது அங்கே முகலாயர் ஆட்சி நடைபெற்றது. ஆள்வோரிடம் பேசுதற்குரிய இந்துஸ்தானி மொழியை அவர் அறியார். ஆகவே 'சகலகலாவல்லி மாலை' என்னும் பத்துப் பாடல்களால் கலைமகளை வேண்டினார். அம்மொழி கைவரப்பெற்று, ஆள்வோருடன் உரையாடி, மடத்துக்கு இடமும் பெற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் நிறுவிய மடம் காசிக் கேதார கட்டத்தில் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் அம்மடத்தின் தலைமையிடம் திருப்பனந்தாளுக்கு மாறியது.

அருளால் மொழி வந்ததென்பது பக்தரின் நம்பிக்கை. எனினும் அச்செய்தியில் யாவரும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அயல்மொழியறிவை அவர் தமிழில் வேண்டிப் பெற்றார். புதுமொழியைக் கற்பதற்காகத் தம்மொழியைக் கைவிட வேண்டுமென அவர் கருதவில்லை.

இது ஹனூர் போன்ற ஊர்களில் வாழும் தமிழருக்கு மிக அணுக்கமான செய்தி. ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால வட்டம் முன்னர்ச் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்றும் பிரிந்த சாமராசநகர் மாவட்டத்தில் அப்பகுதி அடங்கியது. பிழைப்புத் தேடி வந்தோர் ஒருபுறமிருக்க, அங்கே பரம்பரையாக வாழ்ந்த தமிழர், வீடு பெயராமலே வேற்று மாநிலத்தார் ஆயினர்.

அண்டை வீட்டுக் கன்னடரும் அதே தெய்வத்தைச் சாரதை எனப் போற்றுகின்றனர். சிருங்கேரியில் அவளுக்குப் புகழ்மிக்க கோயிலுண்டு. நவராத்திரியில் இருவர் வீட்டிலும் ஏடுகள் பூசையில் இடம்பெறுகின்றன. பள்ளியிலும் அலுவலகத்திலும் வேண்டப்படும் கன்னடத்தைப் பிள்ளைகள் செம்மையாகக் கற்கட்டும். தமிழெழுத்தைக் கற்பிக்கும் பொறுப்போ பெரிதும் வீட்டைச் சார்ந்தது. பூசை முடிந்து ஏட்டைத் திறக்கும் விசயதசமி நாளில், பிள்ளையின் கைபிடித்து அவ்விரண்டு எழுத்தையும் எழுதுவித்தல் பெற்றோர் கடன்.