பாதுகாப்புக் கண்ணாடி (கடலூர் – சிதம்பரம் வட்டாரம்)

உடைந்தாலும் ஆளைக் கிழிக்காத கண்ணாடி. இரண்டு வகை. கடைகளில் ‘டஃபன்’ எனப்படுவது, ஏறத்தாழ 620 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டெனக் குளிர்விக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலிமை, உடைந்தால் சிறு மணிகளாக உதிரும். ‘லேமினேட்டட்’ என்பது இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. விரிசல் விட்டாலும் சட்டத்தை விட்டு விழாது. இந்தியாவில் கார், பேருந்துகளின் முன்கண்ணாடி இந்த வகையே.

2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலின் காற்று மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தைத் தொட்டது. புயலில் கண்ணாடிக்கு எமன் காற்று மட்டுமல்ல, அது தூக்கி வரும் கூரை ஓடு, தகரம், கிளை ஆகியவையும்தான். 1992 ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் புளோரிடா, சன்னல்மேல் மரத்துண்டை எய்து சோதிப்பதைக் கட்டட விதியாக்கியது. புயல் தாங்கும் கண்ணாடிக்கான சந்தை அங்கே அப்படித்தான் வளர்ந்தது. நம் கரையோரத்தில் அத்தகைய விதி இல்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தரக்குறியீடு உண்டு. ஆனால் வாங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் விலையைத்தான்.

இவற்றைச் செய்வதற்கான மூலக் கண்ணாடிக்குத் தொலைவு போக வேண்டியதில்லை: ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபைன் ஆலை 2000 முதல் இயங்குகிறது. ஆனால் டஃபன் கண்ணாடியைப் பதப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு பிசகினால் முழுப் பலகையும் வீண்.